இரண்டு வாசலும் மூடியிருக்கும் இடம்

காக்கி புக்கிட். ஞாயிறு, பிற்பகல் மூன்று.
லாரியில் சரக்கு இறக்கும் முற்றத்தில்
ஜெனரேட்டரும் நானும்.

வாங்கும்போது எழுநூற்று நாற்பது வெள்ளி.
பாதி ரோஸ்னா, பாதி நான்.
பாசார் மாலாமில் அந்தப் பக்கம் அவள் பர்கர் கல்,
இந்தப் பக்கம் என் வடைச் சட்டி,
பின்னால் இது,
ஒருத்தி சொல்வதை ஒருத்தி கேட்கவிடாமல்.
ஒன்பது வருஷம் நாங்கள் பேசியது பெரும்பாலும் கையால்:
கழுத்தைத் தொட்டால் தண்ணீர்,
புருவம் தூக்கினால் வாடகைக்காரன் வருகிறான்,
இரண்டு விரல் காட்டினால்
இரண்டு வெள்ளித் தாள் இருக்கா?

இப்போது அவள் ஜொகூரில், மகன் வீட்டில்.
விற்றுவிடு, இல்லாவிட்டால் நீயே வைத்துக்கொள்
என்று மலாயில் ஒரே வரி.
விற்கக் கை வரவில்லை.
வைத்துக்கொள்ள மூவறை வீட்டில் இடமில்லை.
ஆகவே இந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில்
அலமாரி அளவில் ஓர் அறை,
மாதம் அறுபத்தெட்டு.
பதினோராம் மாதம் வாடகை இயந்திரத்தைத் தின்று முடிக்கும்.
கணக்கு எனக்கும் தெரியும்.

ஒப்பந்தத் தாளில் தடித்த எழுத்து: எரிபொருள் கூடாது.

ரப்பர்க் குழாய், கைப்பம்பு.
மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
சாப்பாடு கொண்டுபோகும் ஹாரித்
கேனைத் திறந்து மோந்து பார்க்கிறான்,
"கெடவில்லை, மாச்சிக்" என்று பைக்கில் கட்டிக்கொள்கிறான்.
தேங்கவிட்டால் பெட்ரோல் பிசினாகும்,
கார்புரேட்டரின் கண்ணை அடைக்கும்.
வடைக்குக் கட்டைவிரலால் போடும் ஓட்டை இல்லை அது,
தலைமுடி நுழையத் திணறும் துளை.

டேங்க் காலியானாலும் அடிக்கிண்ணத்தில் மிச்சமிருக்கும்.
அதை ஓட்டித்தான் தீர்க்க வேண்டும்.
கயிற்றை இழுத்தேன்.
மழைநாளில் பதினைந்து இழுப்பு வாங்கிய கழுதை
இன்று முதல் இழுப்பிலேயே.
ஒரு பல்புகூட மாட்டாமல் ஓடினால் குரலே வேறு,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத குரல்.
நான்கு நிமிஷம்.
ஒரு தடுமாற்றம்.
பிறகு திடீரென்று வேகம் எகிறியது,
அணையப் போகும் சமயத்தில்
எதற்கு இத்தனை வரத்து என்று நான் பின்வாங்க,
நின்றது.

முற்றத்தில் ஒரு மைனா இருந்திருக்கிறது.
இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சூடு ஆறுமுன் எண்ணெயை இறக்கினேன்;
ஆறினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.
கறுப்பு சோயாபோல வந்து
பழைய சமையல் எண்ணெய்ப் புட்டியில் நிறைந்தது.
அளவுகோலின் மேல்கோடு வரை புதுசு.
காற்று வடிகட்டியின் பஞ்சை
கழிப்பறைத் தொட்டியில் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினேன்.
இன்னும் ஒரு வாசனை,
வடையுடையதா பர்கருடையதா என்று பிரிக்க வராதது.
இதில் பாதி யாருக்கு?

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில்
ஒரு தேக்கரண்டி எண்ணெய்.
மெல்ல இரண்டு இழுப்பு, உள்சுவரெல்லாம் பூசிக்கொள்ள.
பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு
இன்னொரு தடவை இழுத்தேன்,
அவசரமில்லாமல், கயிறு கனக்கும் வரை.
அந்தக் கனத்தில் நிறுத்தினேன்.
உள்ளே வரும் வாசல், வெளியே போகும் வாசல்
இரண்டும் மூடியிருக்கும் இடம் அதுதான்.
இந்த ஊரின் ஈரம்
சுவருக்குள்ளும் ரொட்டிக்குள்ளும் புகும்,
இதற்குள் புகாது.
மூச்சை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்.
எவ்வளவு நாள் என்று அதுவும் கேட்கவில்லை.

பழைய பெட்ஷீட்டால் போர்த்தினேன்,
பிளாஸ்டிக் போட்டால் வியர்க்கும்.
டேப்பில் தேதி. அதன் கீழே:
எண்ணெய் இருக்கிறது, பெட்ரோல் இல்லை.

லிஃப்டருகே காவலாளி,
"தீப்பிடிக்கிற சாமான் ஏதாவது?"
"எல்லாம் எரித்துத் தீர்த்தாச்சு" என்றேன்.
சிரிப்பாரென்று நினைத்தேன். கையெழுத்து வாங்கினார்.

போர்த்திய உருவத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
இரவு பத்தரைக்கு ரோஸ்னாவின் பதில்,
சொல் எதுவுமில்லை,
இரண்டு விரல் தூக்கிய மஞ்சள் கை.

தேடிப் பார்த்தேன். பர்ஸில் ஒரே ஒரு தாள் இருந்தது.
கைப்பையின் அடியில்,
அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டிய
பிளக் ஸ்பேனர்.