புதன்கிழமை, பெரிய தொட்டி

ஊழியர் குடும்பத்துக்கு இரண்டு சீட்டு இலவசம்.
நாங்கள் மூன்று பேர்.
மூன்றாவது சீட்டின் விலையைக் கேட்டதும்
காஸ்பரைக் கோட்டுக்குள் ஒளித்து
உள்ளே கொண்டுபோய்விடலாமா என்று யோசித்தேன்.
ஆறு வயது. கனம் அதிகம்.

பன்னிரண்டு வருஷமாக
லிஸ்பனில் ஆற்றங்கரையோரம் பஸ் ஓட்டுகிறேன்.
இந்தக் கட்டடத்தின் எதிரே
நாளைக்கு எட்டு முறை கதவு திறந்து மூடுகிறேன்.
உள்ளே வந்தது இன்றுதான்.

இருட்டு. ஈரக் கம்பளி வாசம்.
ஏதோ ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் எங்களுக்கு முன்னால்.
பென்குயின்களில் ஒன்று
என் டிப்போ மேலாளரைப் போலவே
கையைப் பின்னால் வைத்துக்கொண்டு
யாரையும் பார்க்காமல் நடந்தது.
காஸ்பர் சிரித்தான்.
பெனெடிட்டா சிரிக்கவில்லை.
பதினான்கு வயது. மூன்று வாரமாகத்
தாயோடு பேச்சில்லை.
மூக்கில் ஒரு சின்ன வளையம் காரணம்;
அதற்குமேல் எனக்குச் சொல்லப்படவில்லை.

பெரிய தொட்டிக்கு வந்தோம்.
நாலு பஸ் நீளம், என் கணக்கில்.
திருக்கை ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு
துவைத்துப் போட்ட போர்வையாக மேலேறியது.
பதினொன்றரை மணிக்கு
மேலிருந்து குமிழிகள்,
குமிழிகளுக்குள்ளிருந்து கறுப்பு உடையில்
இவோன்.

இடுப்பில் ஈயக் கட்டிகள், கையில் ஸ்பாஞ்சு.
வீட்டில் அடுப்பு மேடையைத் துடைக்கும் அதே கை:
இடமிருந்து வலம், கடைசியில் சின்னதாய் ஒரு சுழி.
முகமூடி, குழாய், துடுப்புக்கால் எல்லாம் தாண்டி
அந்தச் சுழியில்தான் அவளைக் கண்டுபிடித்தேன்.

"அது பொம்மையா?" என்றார் பக்கத்தில் ஒருவர்.
"எங்கம்மா," என்றான் காஸ்பர்.
எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒரு பெண் அவனோடு படம் எடுத்துக்கொண்டாள்.
சுறா கடிக்காதா என்று கேட்ட பையனிடம்
"காலையிலேயே சாப்பாடு போட்டாச்சு" என்றான்,
தானே ஊட்டிவிட்டு வந்தவன்போல.

அவளுக்கு எங்களைத் தெரியவில்லை.
முன்பே சொல்லியிருக்கிறாள்:
உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு.
அங்கிருந்து பார்த்தால் நீங்கள் எல்லோரும்
அசைகிற ஒரே நிழல்.
எப்போதாவது ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு பலூன்.

நான் இரண்டு கையையும் ஆட்டினேன்,
பஸ்ஸைத் தவறவிட்டவன் ஆட்டுவானே, அப்படி.
எத்தனை பேர் எனக்கு ஆட்டியிருப்பார்கள்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தும்
போயிருக்கிறேன்.

அப்போதுதான் பெனெடிட்டா முன்னால் போனாள்.
கேக் தின்ற எண்ணெய்க் கையைக்
கண்ணாடியில் வைத்தாள்.
ரொம்ப நேரம்.
எடுத்த பிறகும் ஐந்து விரலும் அங்கேயே நின்றன.

இவோன் துடைத்துக்கொண்டே வந்தாள்.
அந்த இடத்தில் ஒரு கறை.
துடைத்தாள். போகவில்லை.
அழுத்தித் துடைத்தாள்.
கையுறை விரலால் சுரண்டினாள்.
பிறகு முகமூடியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள்.

கறை வெளிப்பக்கம் என்று புரிந்திருக்கும்.
அது ஒரு கை என்றும்.
யாருடையது என்று?
மோதிர விரல் கொஞ்சம் வளைந்த கை அது.
நாலு வயதில் பஸ் கதவில் நசுங்கியது.
என் பஸ், என் கதவு,
அதை இப்போது பேச வேண்டாம்.

அவள் தன் கையை அந்தக் கறையின்மேல் வைத்தாளா,
இல்லை, நீரோட்டத்தில் தடுமாறிப்
பிடிமானத்துக்கு ஊன்றினாளா,
எனக்குத் தெரியாது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுவில் வந்துவிட்டார்கள்.
போதாததற்கு ஒரு சூரிய மீன்,
செய்துகொண்டிருந்தவர் பாதியில்
எழுந்து போய்விட்ட உடம்போடு,
எங்களுக்கும் அவளுக்கும் நடுவே
அவசரமே இல்லாமல் கடந்தது.
அது போனபின் குமிழிகள்தான்.

சாயங்காலம் ஈரத் தலையோடு வந்தாள்.
ரொட்டி வாங்கினாயா என்றாள்.
மறந்திருந்தேன்.
காஸ்பர் பென்குயினிலிருந்து தொடங்கி
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.
கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் அப்போது
யாருடைய படத்திலோ சிரித்துக்கொண்டிருந்தான்.

பெனெடிட்டா, யாரும் சொல்லாமலே,
மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"வெளிப்பக்கத்தை யார் துடைப்பார்கள்?"
மேசையிடம் கேட்டாள்.

"அதற்கு வேறு ஆட்கள்," என்றாள் இவோன்.
"ஒன்பது மணிக்குமேல் வருவார்கள்."

மணி எட்டேகால்.