ஆறு டயர்

"பட்டன் அப்படியே இருக்கே" என்கிறார் இவர்,
ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் செருகி.
யூனுஸ் பதில் சொல்லவில்லை.
குந்தி உட்கார்ந்து
கட்டைவிரலால் சேற்றைத் துடைத்து
நாலு எண்ணைக் காட்டினார்: 3214.
பதினாலாம் வருஷம், முப்பத்திரண்டாம் வாரம்.

ஆடி மாசம்.
வேனுக்குள் அடுப்பும் கட்டிலும் பொருத்திய மாசம்.
ஹம்பி, தனுஷ்கோடி, கோகர்ணம் என்று
கதவுக்குள்பக்கம் பட்டியல் ஒட்டினோம்.
போனது ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு,
இரண்டு முறை.
மற்ற நாளெல்லாம் குன்னூர்ச் சரிவில்
சில்வர் ஓக் அடியில் நின்றது,
பின்சக்கரத்துக்குக் கல் வைத்து.

"ஓடித் தேஞ்சா கண்ணுக்குத் தெரியும்மா.
நின்னு காஞ்சது
கல்லட்டி இறக்கத்துலதான் தெரியும்."
பக்கவாட்டில் தடவினேன்.
என் குதிகால் மாதிரியே வெடிப்பு.

கையில் நாலுக்குத்தான் பணம்.
பின்னால் உள்பக்கம் ரெண்டு பழசே கிடக்கட்டும் என்கிறார்.
ஜோடி சேராது என்கிறார் யூனுஸ்.
மழை பிடித்துக்கொண்டது.
வண்டியில் இருக்கும் ஃப்ரிட்ஜை விற்றுவிடலாம் என்றேன்.
குன்னூரில் அதை யார் வாங்குவார்கள்?
யூனுஸ் வாங்கினார்,
மச்சானின் ஐஸ்கிரீம் கடைக்காம்,
மேட்டுப்பாளையத்தில்.

புது டயர் ஒவ்வொன்றையும் உருட்டச் சொல்லி
எண்ணைப் பார்த்தேன்.
ஆறும் போன மாசத்துப் பிறப்பு.
கழற்றிய பழசைப் பையன் எங்கோ உருட்டிப் போக,
பள்ளத்தில் செருகியபடியே போயிற்று
இவருடைய ஒரு ரூபாய்.