கதவு மூடும் பொத்தான்

செவர்லே பிக்கப் ஒன்று பனியில் உருண்டது.
அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும்
எழுபத்தெட்டாம் வருடத்து என் ஜீப்பில் இப்போது.
இதயத்தைத் தூக்கி வந்துவிட்டேன்.
மூளைக்குத் தனியாக எண்பது டாலர் கேட்டான்,
வேண்டாமென்றேன்.

கியர்பாக்ஸின் இடது விலாவில்
நாலு பின் வைத்த ஒரு சாக்கெட்,
யாராவது ஏதாவது சொல்வார்களென்று
வாய் திறந்தபடி இருந்தது.

ஹோம்ஸ்டேக் கணவாய் ஏறுகையில் எண்ணெய் கருகியது.
முட்டைக்கோஸ் அடிப்பிடித்த வாடை.
ட்ரூடி ஹார்கினைக் கூப்பிட்டேன்.
பியூட் மருத்துவமனையில் லிஃப்ட் பார்ப்பவள்,
கார் தெரியாது, கரண்ட் தெரியும்.

"உள்ளே என்னதான் நடக்குது?"

எதிரெதிரே இரண்டு சக்கரம், ட்ரூடி.
தொட்டுக்கொள்ளாது. நடுவில் எண்ணெய்.
இது கலக்கிவிட்ட எண்ணெயில் அது சுற்றும்.
கொஞ்சம் வழுக்கும்,
வழுக்குவதெல்லாம் சூடு.
நெடுஞ்சாலையில் ஒரு தகடு வந்து
இரண்டையும் சேர்த்துக் கவ்வ வேண்டும்.

"நிற்கும்போது?"
விட்டுவிட வேண்டும்.
"விடலைன்னா?"
எஞ்சின் செத்துப்போகும்.

அவள் காபி வாங்கப் போன நேரத்தில்
ஊதா வயரை
பிரேக் விளக்கு சுவிட்சில் முறுக்கிவிட்டேன்.
பிரேக் வயர் பிரேக் வயர்தானே.

ஹாரிசன் அவென்யூ இறக்கம்.
சிவப்பு விளக்கு. மிதித்தேன்.
ஜீப் உதறியது, இருமியது,
நடுத்தெருவில் அணைந்தது.
பின்னால் ஒரு பள்ளிப் பேருந்து
முழுக்கக் குழந்தைகள், முழுக்க ஹாரன்.

ட்ரூடி சிரிக்கவில்லை.
காபியை டாஷ்போர்டில் வைத்தாள்.
"விளக்கு, மிதிச்சா சேரணும்.
இது, மிதிச்சா பிரியணும்.
லிஃப்ட் கதவு திறந்தா கரண்ட் போகும்,
வயர் அறுந்தாலும் போகும்.
கெட்டுப்போனா நிக்கணும்.
கெட்டுப்போனா ஓடுறதை
நான் கையெழுத்து போட்டு விடமாட்டேன்."

அன்றிரவே தன் ப்யூக்கின் அடியில் தலையை நுழைத்து
க்ரூஸ் சுவிட்சைக் கழற்றினாள்.
பத்து ஆம்ப் ஃபியூஸ்.
மிதிக்காதவரை பிடித்திருக்கும் இரண்டு முள்.
பிறகு கோட்டுப் பையிலிருந்து
பழைய லிஃப்டின் பித்தளைப் பொத்தான்,
இரண்டு அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி.
அழுத்தினால் அழுத்தியபடியே நிற்க
உள்ளே எதையோ மாற்றியிருந்தாள்.

"கதவு மூடு. இருபது வருஷமா
சனங்க இதைக் குத்திக்கிட்டே இருக்காங்க.
எந்த லிஃப்டிலும் இதுக்கு வயரே கிடையாது."

வைட்ஹால் தாண்டி, அறுபத்தைந்து மைல் வேகம்.
அழுத்தினேன்.
முள் முந்நூறு சுற்று இறங்கியது,
பாத்திரக் கடையில் யாரோ
கதவைச் சாத்தியது மாதிரி.
ஹீட்டர் ஊதுவது அப்போதுதான் கேட்டது.

பிரேக்கைக் கால்விரலால் தொட்டேன்.
இருக்கைக்கு அடியில் ஒரு பிடி தளர்ந்தது.
விட்டேன், கவ்வியது.
தொட்டேன், தளர்ந்தது.
பின்னால் வந்த லாரிக்காரன் திட்டியிருப்பான்.

அடுத்த வாரம்
இருநூற்றுச் சொச்சம் மைல்
ப்யூக்கில் பில்லிங்ஸ் போய்த் திரும்பினாள் ட்ரூடி.
வலது கெண்டைக்கால் வலிக்குது என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.