நாற்பத்தொன்பதரை

வக்கீல் சுஜாகுமாரி சொல்லச் சொல்ல
பால் நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
மூன்று வருட வங்கிக் கணக்கு,
சம்பளச் சான்று, வீட்டுத் தீர்வை ரசீது,
நகை, கடன், சிட்டி.
"அசையறது அசையாதது எல்லாம்
தனித்தனியா போடணும், கேட்டியா.
செவ்வாய்க்கிழமை நாகர்கோவில்ல
சமரச மையத்துக்காரரு கண்ணீரப் படிக்கமாட்டாரு.
கடுதாசியத்தான் படிப்பாரு."

மூன்று ராத்திரி.
அனிஷ்மா உறங்கியபின்
சாப்பாட்டு மேசையில் ஒன்பது வருடத்தைக் கொட்டினேன்.
கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கில்
மழை குடித்த பக்கம் ஒன்று.
முப்பத்தொன்பது பவனுக்கு நகைக்கடை ரசீது.
அதில் இருபத்திரண்டும்
பிறைட் சிங்கின் இரண்டு வருடக் குவைத்துமாய்ச் சேர்ந்து
இப்போது அருமனைக்கு மேலே
ஐம்பத்தைந்து சென்ட்.

பிரிட்ஜ், கிரைண்டர், இரும்பு அலமாரி.
அவர் அம்மையின் வாக்கர்
(வாங்கினது நான், சேர்க்கவா?).
சிட்டி எடுத்தது அவர், கட்டினது நான்.
அதற்குச் சாட்சி
அந்த மாதங்களில் நான் எரிந்து விழுந்தது மட்டும்.
அவர் பெயர் வருகிற இடத்திலெல்லாம்
எதிர்மனுதாரர் என்று போடவேண்டுமாம்.
நாலு பக்கம் எழுதுவதற்குள்
கை அந்தப் பெயருக்குப் பழகிவிட்டது.

பிறகு அந்த ஒரு வரி.
ரப்பர்: பால் எடுக்கும் மரமா, எடுக்காத மரமா?
எடுக்காததென்றால் ஒரு விலை,
எடுப்பதென்றால் வேறு விலை.
தோட்டம் அவருக்கு, பாதி விலை எனக்கு
என்றுதான் பேச்சு.
"கூட வந்தா ஒனக்குத்தான் லாபம்" என்றாள் வக்கீல்.

நட்டது நூற்றுப்பத்து.
நெஞ்சுயரத்தில் ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு
நூற்றுக்கு எழுபது மரத்தில் வந்தால்
கத்தி வைக்கலாம்.
குலசேகரத்தில் ஷீட் கடைக் கணக்கெழுதுகிறவளுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எழுபத்தேழு வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
தையல் டேப்பும் நோட்டுமாக ஏறினேன்.
அட்டைக்கு உப்பெடுக்க மறந்துபோனேன்.
முதல் மரத்தில் மஞ்சள் பெயின்ட்.
இரண்டாவதில் இல்லை.
மூன்றில் உண்டு, நான்கில் உண்டு.
யாரோ எனக்கு முன்னால் அளந்திருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
கோடெல்லாம் இடப்பக்கம் சரிந்திருந்தது
கல்யாண ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்து மாதிரி.

மஞ்சள் எழுபத்தேழு.
என் டேப்பில் எழுபத்தாறு.
திரும்ப முதலிலிருந்து அளந்தேன்,
கணுக்காலில் ரத்தம் வழிகிறதென்று
அப்புறம்தான் பார்த்தேன்.
ஓடைக்கரை மரம்.
நாற்பத்தொன்பதரை.
அதிலும் மஞ்சள் இருக்கிறது.

அவர் அளந்தால் டேப் தளரும்.
ஜன்னல் திரை தரையில் கிடந்து இழுபட்டது அப்படித்தான்,
தொட்டில் கயிறு ஒரு சாண் கூடிப்போய்ப்
பிள்ளை நிலத்தில் முட்டியதும் அப்படித்தான்.
அப்படி இல்லையென்றால்,
எழுபத்தேழு என்ன கணக்கென்று
அவருக்கும் தெரியும்.
அது யார் பக்கம் ஏறுமென்றும் தெரியும்.

இரண்டில் எது என்று கேட்கப் போனை எடுத்தேன்.
அவரோடு நேரே பேசவேண்டாம் என்று
சுஜாகுமாரி சொல்லியிருந்தாள்.
போனில் வெளிச்சம் அணையும்வரை
கையில் வைத்திருந்தேன்.

திங்கள் சாயங்காலம் தக்கலையில் மழை.
செராக்ஸ் கடைப் பையன் மூன்று செட் போட்டான்,
மிஷின் சூட்டில் தாள் சுருண்டு சுருண்டு வந்தது.
நூற்றுப்பதினாலு ரூபாய்.
ரசீது வேண்டாமென்று வாய்வரை வந்தது.
பிறகு வாங்கிச் செலவுக் கணக்கில் சேர்த்தேன்.

"அக்கா, ஒரு எடம் விட்டுப்போச்சே"
என்றான் பையன், பதினொன்றாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டி.
மற்றதெல்லாம் பேனா.
மரக்கணக்கை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தேன்,
அதுவும் அழுத்தாமல்.
மூன்று நகலிலும் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"எழுதியிருக்கு" என்றேன்.
அவன் மூலத்தை ட்யூப்லைட்டுப் பக்கம் சரித்துப் பார்த்தான்.