முட்டைக் கணக்கு

படகு கரை ஒட்டுவதற்குள்
வந்துவிட்டது.
பாறைமேல் நின்று
யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தது,
சுங்க அதிகாரி மாதிரி.

நைட்டிங்கேல் தீவில் நைட்டிங்கேல் கிடையாது.
இருப்பது ஸ்டார்ச்சி.
மண் நிற முதுகு, கறை தெறித்த மார்பு,
மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று
எவரும் சொல்லிக்கொடுக்காத கண்.
முதலில் பெஸிலின் பூட்ஸ் கயிற்றை இழுத்தது.
அடுத்து என் நோட்டை.
அதன் கூடுகளைத்தான் அதில் எழுத வந்திருக்கிறேன்;
அட்டையை இரண்டு கொத்து கொத்திவிட்டு
பிடிக்கவில்லை என்று போய்விட்டது.

செப்டம்பர்.
பெங்குயின்கள் முட்டையிடும் மாதம்.
டிரிஸ்டனிலிருந்து நாங்கள் வாளியோடு வரும் மாதம்.
ஸ்டார்ச்சிக்கும் அறுவடை இதுதான்.
பெங்குயின் தலை திரும்பினால் போதும்,
ஓட்டில் ஒரு துளை.
அதன் நாக்கு நுனி தூரிகைபோலப் பிரிந்தது;
சொட்டு மிச்சம் வைக்காது.

என்னைவிட உயரமான புல்.
அடியில் பெட்ரல் பறவைகளின் வளைகள்.
நான்கு அடி வைத்தால்
ஐந்தாவது அடியில் முழங்கால்வரை தீவுக்குள் போய்விடும்.
இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை.
மூன்றாம் நாள்
அலகு நிறையக் காய்ந்த புல்லோடு ஒன்று ஓடியது.
பின்னாலேயே போனேன்.
ஒரே கல்லை மூன்று முறை சுற்றவைத்துவிட்டு
புல்லடிக்குள் நுழைந்தது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.
வெளியே நனைந்த தாள்கள், தாறுமாறாக.
உள்ளே
யாரோ விரலால் வழித்துவிட்டதுபோல் ஒரு கிண்ணம்.
வெளிர்நீலமும் பச்சையும் தீர்மானமாகாத நிறத்தில்
துரு தெளித்த முட்டை மூன்று.

பெட்டை வந்து அமர்ந்தது.
நான் கையெட்டும் தூரத்தில்.
ஊரார் முட்டையெல்லாம் உடைத்துக் குடித்த வயிற்றை
அவ்வளவு மெதுவாக அவற்றின்மேல் இறக்கியது.

பக்கத்து எல்லையிலிருந்து இன்னொரு ஸ்டார்ச்சி
சும்மா உலாவ வந்ததுபோல் வந்தது.
சேவல் பாய்ந்த வேகத்தில் இறகு பறந்தது.
பாம்பே இல்லாத தீவு.
ஆனாலும் பாம்பின் கால் பாம்பறியும்.

குடிசைக்குத் திரும்பினால் பெஸில் கத்திக்கொண்டிருந்தான்.
கதவைச் சாத்த மறந்திருக்கிறான்.
அறுபத்தொன்று இருந்த வாளியில் ஐம்பத்தெட்டு.
தொப்பியை வீசினான்;
தொப்பிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று
அது போய்ப் பார்த்தது.

கூடு ஒன்று. முட்டை மூன்று.
எழுதிய இடத்துக்குக் கீழேயே
பெஸில் தன் கணக்கையும் எழுதச் சொன்னான்:
உடைந்தவை, மூன்று.
பேனாவை மூடாமல் கொஞ்சநேரம்
அந்த இரண்டு வரியையும் பார்த்திருந்தேன்.
எந்தப் பெங்குயினின் மஞ்சள்கருவோ
இங்கே நீலமாகியிருக்கிறது.

அடுப்பில் எண்ணெய் காய்ந்தது.
நான் இரண்டு முட்டை தின்றேன்.
உப்பு கொஞ்சம் அதிகம்.

நவம்பரில் மறுபடி வந்தபோது
கூடு காலி.
பக்கத்துப் புல்லில் ஏதோ ஓடியது.
எலி என்று பதறிப்போனேன்.
எங்கள் ஊரில் அதுதான் பயம்:
உடைந்த கப்பலிலிருந்து எலி நீந்தி வந்த பிறகு
அங்கே ஸ்டார்ச்சியைப் பார்த்தால்
வீட்டுக்குப் போய்ச் சொல்வோம்.

எலி இல்லை, குஞ்சு.
பறக்க வருவதற்கு முன்பே வீட்டைவிட்டு இறங்கியது.
வாயோரம் மஞ்சள், வால் என்று சொல்ல ஒன்றுமில்லை.
இன்னொன்றும் வந்தது.
மூன்றாவதை மாலைவரை தேடினேன்.

தகப்பன் மண்புழு கொண்டுவந்தது.
தாய் கொண்டுவந்தது கருஞ்சிவப்பாய், நார்நாராய்,
ஒரு துண்டு.
"உணவு: புழு" என்று எழுதி,
காற்புள்ளி வைத்து,
பெட்ரல் குஞ்சு என்றும் எழுதினேன்.

கிளம்பும்போது காற்று மாறிவிட்டது.
பெஸில் அவசரப்படுத்தினான்.
வாலில்லாத அந்தப் பயல்
பாறைவரை ஓடிவந்து
எங்கள் காலி வாளியின் விளிம்பில் ஏறி நின்று
உள்ளே தலையை விட்டுப் பார்த்தது.
நன்றாகவே பார்த்தது.

பிறகு என்னைப் பார்த்தது.