கொடி மட்டும்

தொடங்கும்போதே ஓர் எண் தந்துவிடுகிறது கர்னல்.
பக்கத்திலேயே பெற்றவர் எண்.
பெயர் பதினைந்து எழுத்தைத் தாண்டினால் வெட்டு.
ரோமன் எழுத்தில் நான் நீட்டி வைத்த மழையளவுப்பதிவாளன்
பட்டியலில் 'மழையளவுப்ப' என்று
பாதி வாயைத் திறந்தபடி நிற்கிறான்.

எனக்குக் கோபமில்லை.
போர்ட் லூயி துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
கருப்பனைக் குர்ப்பேன் ஆக்கி, எண் போட்டு,
கப்பலிலிருந்து இறக்கிவிட்ட இடத்தில்தான்
என் அடையாள அட்டையும் தொடங்குகிறது.

போன பெப்ரவரிப் புயலில்
நாற்பத்தேழு நிமிட மழையைத் தொலைத்தேன்.
கியூர்பிப் மழை, அதுவும் ஒன்பது மானிகளில்.
சர்வரை அணைக்கும் முன் சினசாமி முறைப்படிதான்
'முடித்துக்கொள்' என்று சிக்னல் அனுப்பினான்.
பத்து விநாடி பொறுத்தான்.
என் நிரல் அப்போது கோப்பில்
ஒரு வரியின் நடுவில் இருந்தது.
சிக்னலை வாங்கிய ஃபங்ஷன், அதிக விசுவாசத்தில்,
அதே கோப்பில் தானும் எழுதப் புகுந்தது.
பூட்டை வைத்திருப்பதும் தான்,
பூட்டு திறக்கக் காத்திருப்பதும் தான்.
பதினோராம் விநாடி ஒன்பதாம் எண் வந்தது.
அதைக் காதில் வாங்கும் உரிமை
எந்த நிரலுக்கும் இல்லை.

"நல்லாத்தானே எழுதியிருந்தே?" என்றான் சினசாமி.
நல்லாத்தான்.
வினையே அதுதான்.

இந்த வாரம் மறுபடி. மூன்றாம் வகுப்பு.
கடைசி பஸ்ஸுக்கு ஓடுகையில் பார்த்தேன்:
ஸ்டேஷன் கம்பத்தில் மூன்று சிவப்புக் கொடிகளை
ஏற்றிவிட்டு உள்ளே போனான் கான்ஸ்டபிள்.
யார் வீட்டு ஜன்னலையும் அவன் சாத்தவில்லை.
யார் தகரத்தின் மேலும் கல் தூக்கி வைக்கவில்லை.
ஏற்றினான், போனான்.
கைவேலையை ஒரு முடிச்சுக்குக் கொண்டுவந்து
நிமிர்ந்து பார்த்தவர்கள் மீதியைச் செய்தார்கள்.
ரொட்டிக்கு வரிசை.
வாளி வாளியாகத் தண்ணீர்.
நாயை உள்ளே இழுத்துக் கட்டுதல்.

வீடு வந்ததும், பேட்டரி அறுபத்தொரு சதவீதத்தில்,
ஃபங்ஷனுக்குள் இருந்த இருபத்தாறு வரிகளை அழித்தேன்.
ஒரே வரி மிச்சம்: கொடி = 1.
சுற்று முடியும் ஒவ்வொரு முறையும்
நிமிர்ந்து பார்க்கச் சொல்லிவைத்தேன் நிரலை.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.
நான்காம் வகுப்புக்குக் கொடி கிடையாது.
ஏற்றியதையும் இறக்கிவிடுவார்கள்,
அந்தக் காற்றில் துணிக்கு என்ன பேச்சு.
திரும்பத் திறந்து இன்னொன்று சேர்த்தேன்:
விழுந்ததை விழுந்தவுடன் வட்டில் எழுது.
சேர்த்துவைத்துக்கொண்டு நிற்காதே.

விடியற்காலை நாலுக்கு மின்சாரம் போயிற்று.
சினசாமி தூக்கத்தில்.
யாரும் யாருக்கும் சிக்னல் அனுப்பவில்லை.

மறுநாள் மதியம் திரும்ப எழுந்தது.
புது எண், 1187.
பெயர் அதே மழையளவுப்ப.
கோப்பின் கடைசி வரி 3.58,
பதினொன்று புள்ளி நாலு மில்லிமீட்டர்.
வரி முழுசாக இருந்தது, முற்றுப்புள்ளி வரை.

அதற்குப் பிறகு பெய்தது
தெருவில் கிடக்கிறது, முழங்கால் அளவுக்கு,
யாருடைய வாளியோ மிதக்க.