தேய்மானக் கணக்கு

பதினேழு வருஷமாக
அடுத்தவர் வண்டிகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறேன்.
மாற்றலாம். தட்டி எடுக்கலாம்.
மொத்த நஷ்டம்.
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை
என் பரீட்சை அட்டையில் ஏறிவிட்டது,
கழுவினாலும் போவதில்லை.
ரப்பருக்கு ஐம்பது சதவீதம், ஃபைபருக்கு முப்பது,
கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது.
இரும்புக்கு மட்டும் வயது கேட்க வேண்டும்.

இப்போது நல்லம்பள்ளியில் மக்பூல் பட்டறையில்
என் சொந்த லேண்ட்மாஸ்டர் நிற்கிறது
இடது முன் மட்கார்டு இல்லாமல்,
பாவாடையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து
ஓடை தாண்டுகிறவள் மாதிரி.

நான் மொத்த நஷ்டம் என்று எழுதிய வண்டிதான்.
ஒன்பது வருஷம் முன் ஒரு மழைநாள்.
ஓட்டி வந்த மாட்டு டாக்டர்
முழங்கைச் சிராய்ப்போடு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து
'இதுக்குச் சாமான் கிடைக்காதாம்மா?' என்றார்.
கிடைக்காது என்றேன்.
தேடிப் பார்க்கவில்லை.
அன்று இன்னும் நாலு லாரி பாக்கி இருந்தது.

கிடைத்திருக்கிறது பாருங்கள்,
தார்ப்பாயின் மேல், ஒன்றுக்கு மூன்றாக.

கோயம்புத்தூர் ஃபைபரை
ஒரு கையால் தூக்கிவிடலாம். வளைவு அத்தனை சுத்தம்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று
எப்போதும் என் கைப்பையில் இருக்கும்,
பட்டி எத்தனை கனம் என்று காட்டிக்கொடுக்க.
ஃபைபரில் வைத்தேன். வழுக்கி
என் செருப்பின் மேல் விழுந்தது.

புதுப்பேட்டைச் சரக்கு பஸ் பார்சலில் வந்தது,
சாக்கு சுற்றி, மேலே யாரோ
'கண்ணாடி ஜாக்கிரதை' என்று எழுதி.
வெளிர்நீலம், சுரண்டினால் பச்சை,
அதற்கும் கீழே செங்கல் நிறத்தில் பிரைமர்.
விளிம்பில் துரு பழுப்புக் கோடாக,
பென்னாகரத்து போர்த் தண்ணீரில் வளர்ந்த என் பற்களில் இருப்பது போல.
உச்சியில் ஏரியல் ஓட்டை. கம்பியைக் காணோம்.

மூன்றாவது இன்னும் பிறக்கவில்லை.
இருபது கேஜ் தகடு, அதன் மேல்
காலண்டர் தாளில் வெட்டிய அளவு.
ஆடி அமாவாசை சரியாக ஹெட்லைட் விழும் இடத்தில்.
'நாலு நாள் குடுங்க மேடம், கம்பெனி தோத்துடும்.'
மக்பூலின் நாலு நாள் எத்தனை நாள் என்று
எனக்குத் தெரியும். அதற்காக என் மேஜை முன் நின்று
எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள்.

இருந்தாலும் தகட்டைத்தான் சொல்லியிருந்தேன்.
வலது பக்கம் கம்பெனி மட்கார்டு,
காந்தம் அறைந்து ஒட்டுகிறது.
அதையே பார்த்து இதை அடிக்கட்டும்.
டேப்பை இழுத்தோம்.
இடது பக்கம் கால் அங்குலம் குட்டை.
திரும்ப இழுத்தோம். பையனை விட்டும் இழுக்கச் சொன்னோம்.
விபத்தில் நெளிந்ததா என்று
மக்பூல் டார்ச் அடித்து, படுத்து, வெல்டிங் தழும்பு தேடினான்.
இல்லை. போல்ட் ஓட்டைகள் எல்லாம்
போட்ட இடத்திலேயே இருந்தன.
பிறவிக் கோணல்.
சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் பூட்டியிருப்பார்கள்.

வலதைப் பார்த்து அடித்திருந்தால்
கதவில் இடித்திருக்கும்.

புதுப்பேட்டைக்காரனைத் தூக்கி வைத்தோம்.
முதல் போல்ட். இரண்டாவது.
மூன்றாவதற்கு மக்பூல் முழங்காலால் ஒரு முட்டு முட்டினான்.
உட்கார்ந்துவிட்டது.
இதுவும் ஒரு கோணல் வண்டியில் இருந்ததுதான் போல.

டாக்டரின் நம்பர் பழைய ஃபைலில் இருக்கிறது.
இன்னும் போடவில்லை.

'இந்த ஓட்டையை அடைச்சுடவா மேடம்?'

யார் எந்தச் செய்தி கேட்டுக்கொண்டு
எந்த ரோட்டில் போனார்களோ.
'வேணாம், ஒரு ரப்பர் மூடி போடுங்க.'
'ரப்பர்னா நீங்க பாதிதான் குடுப்பீங்களே'
என்று சிரித்தான்.

தேயட்டும். வேறு வாங்கிக்கொள்ளலாம்.